மணல் வண்டி: பட்டறைக் கேள்வி-பதில்

கிட் வாங்கி மணல் வண்டி கட்டுவது பற்றி வந்த கடிதங்களே இந்த மாதம் பக்கத்தை நிறைத்துவிட்டன. பெரும்பாலானவை, பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் ஏர்-கூல்டு எஞ்சினைப் பின்னால் வைத்துக் குழாய் ஃபிரேமில் கட்டும் வண்டியைப் பற்றியவை. அமெரிக்காவில் இதற்கு 'சாண்ட் ரெயில்' என்று பெயர். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகத் தந்திருக்கிறோம்.

கே: கிட் வாங்கினால் எல்லாமே பெட்டியில் வந்துவிடுமா? (வாசகர், இர்வின், கலிஃபோர்னியா)

ப: வராது. வெல்டிங் முடித்த ஃபிரேம், சீட்டு, பெடல் செட், ஸ்டியரிங், பெட்ரோல் டேங்க், கியர் லீவர், ஒரு பை நிறைய போல்ட்டு நட்டு. சாதாரணமாக இவ்வளவுதான் இருக்கும். எஞ்சின், கியர்பாக்ஸ், முன் ஆக்சில் பீம், பின்பக்க டார்ஷன் பார்கள் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள்), ஸ்பிரிங் பிளேட், ஹப்பு, டிரம் எல்லாம் பழைய பீட்டிலிலிருந்து எடுக்க வேண்டியவை.

இங்கேதான் பணம் வீணாகிறது. இங்கொரு கியர்பாக்ஸ், அங்கொரு எஞ்சின் என்று துண்டு துண்டாக வாங்காதீர்கள். ஓடாத வண்டியானாலும் பரவாயில்லை, முழுசாக ஒரே பீட்டிலாக வாங்குங்கள். வருஷம் மாறினால் பொருந்தாத பாகங்கள் பல. 1967 வரை வந்த வண்டிகளில் வீல் போல்ட்டு ஐந்து, வட்டம் 205 மி.மீ. 1968 முதல் நான்கு போல்ட்டு, 130 மி.மீ. 6 வோல்ட் வண்டியின் ஃபிளைவீலில் 109 பல், 12 வோல்ட்டில் 130. பழைய 6 வோல்ட் கியர்பாக்ஸோடு பெரிய ஃபிளைவீலைச் சேர்த்தால் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கில், அதாவது ஃபிளைவீல் சுற்றும் கூட்டில், உரசும். உள்ளே தேய்த்து இடம் விட வேண்டும், ஸ்டார்ட்டர் புஷ்ஷையும் மாற்ற வேண்டும். எஞ்சினை ஏற்றி போல்ட்டு முறுக்கிய பிறகு கையால் சுற்றிப் பார்த்து, அப்போது உரசல் கேட்டால் ஒரு நாள் வேலை போச்சு. முதலிலேயே பல்லை எண்ணிவிடுங்கள்.

இன்னொன்று. பெயின்ட் கடைசி வேலை. ஃபிரேமை அப்படியே வைத்து எல்லாவற்றையும் ஒருமுறை மாட்டி, பிரேக் பைப் எங்கே போகிறது, ஒயர் எங்கே கிளிப் ஆகிறது, கிளட்ச் கேபிளுக்கு எங்கே தாங்கி வேண்டும் என்று பார்த்து, தேவையான பட்டைகளை வெல்டிங் செய்து, பிறகு கழற்றிப் பெயின்ட் அடியுங்கள். முதலில் பவுடர் கோட்டிங் செய்து கொண்டுவந்த ஃபிரேமில் நான்கு இடம் சுரண்டி வெல்டு வைக்காதவர் அரிது.

கே: மான்க்ஸ் பக்கி என்பதும் இதுவும் ஒன்றா? (வாசகர், பாளையங்கோட்டை)

ப: எஞ்சின் ஒன்று, உடம்பு வேறு. புரூஸ் மேயர்ஸ் 1964-இல் கலிஃபோர்னியாவில் கட்டிய மான்க்ஸ், ஃபைபர்கிளாஸ் உடம்பு கொண்டது. பின்னால் வந்த கிட்டில் பீட்டிலின் தரைத்தட்டை நடுவில் பதினாலரை அங்குலம் வெட்டியெடுத்துக் குறுக்கி, அதன்மேல் இந்த உடம்பை உட்காரவைக்க வேண்டும். 1967 ஏப்ரலில் மேயர்ஸும் டெட் மாங்கல்ஸும் மான்க்ஸ் வண்டியில் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை 34 மணி 45 நிமிடத்தில் கடந்து, அதுவரை மோட்டார்சைக்கிள் வைத்திருந்த சாதனையை முறியடித்தார்கள். சாண்ட் ரெயிலுக்கு உடம்பும் இல்லை, தரைத்தட்டும் இல்லை. குழாய்க் கூண்டே எல்லாம். தெருவிலும் ஓட்ட ஆசை என்றால் மான்க்ஸ் வகை; மணலில் மட்டும் என்றால் ரெயில்.

கே: பின்பக்கம் ஸ்விங் ஆக்சில் நல்லதா, ஐ.ஆர்.எஸ். நல்லதா? கிட் விற்பவர் இரண்டுக்கும் ஃபிரேம் இருக்கிறது என்கிறார். (வாசகர், ஃபீனிக்ஸ், அரிசோனா)

ப: பட்ஜெட் இடம் கொடுத்தால் ஐ.ஆர்.எஸ்., அதாவது இண்டிபென்டன்ட் ரியர் சஸ்பென்ஷன். ஸ்விங் ஆக்சிலில் ஒரு பக்கத்துக்கு ஒரே மூட்டு, அதுவும் கியர்பாக்ஸை ஒட்டி. சக்கரம் கீழே இறங்க இறங்க அதன் அடிப்பாகம் உள்பக்கம் மடங்கும். மேட்டு விளிம்பிலிருந்து குதித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கும்போது, மடங்கிய சக்கரம் மணலில் குத்தி வண்டியைத் தூக்கிப் புரட்டப் பார்க்கும். ஐ.ஆர்.எஸ். வண்டியில் ஒரு ஆக்சிலுக்கு இரண்டு சிவி ஜாயிண்ட் (மடங்கியபடியே சுற்றும் மூட்டு). சக்கரம் ஏறினாலும் இறங்கினாலும் ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கும். அமெரிக்காவில் விற்ற பீட்டில்களில் 1969 மாடலிலிருந்து ஐ.ஆர்.எஸ். உண்டு. செமி-ஆட்டோமேட்டிக் வண்டியில் 1968-லேயே வந்துவிட்டது.

ஸ்விங் ஆக்சிலே கையில் இருக்கிறது, வேறு வழியில்லை என்றால், சக்கரம் முழுதாகத் தொங்காதபடி இரண்டு பக்கமும் லிமிட் ஸ்டிராப் போட்டுவிடுங்கள். ஸ்டிராப்பைக் கியர்பாக்ஸில் கட்டக்கூடாது. ஃபிரேமில்தான் கட்ட வேண்டும்.

கே: எஞ்சினைப் பின்னால் தொங்கவிடாமல், சீட்டுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வைத்தால் எடை சமமாக இருக்குமே? (வாசகர், சான் டியாகோ)

ப: எடை சமமாகும். ஆனால் அப்படி வைக்க கியர்பாக்ஸை முன்பின்னாகத் திருப்ப வேண்டும். திருப்பி மாட்டினால் உங்களுக்கு நான்கு ரிவர்ஸ் கியரும் ஒரே ஒரு முன் கியரும் கிடைக்கும். எஞ்சின் சுற்றும் திசை மாறவில்லை, கியர்பாக்ஸ் நிற்கும் திசைதான் மாறியது. ஆகவே சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. இதைச் சரிசெய்ய டிஃபரன்ஷியலில் உள்ள ரிங் கியரை மறுபக்கத்துக்கு மாற்றி, ஷிம் (மெல்லிய வளையத் தகடு) போட்டு பல்லிடைவெளியை மறுபடி 0.15 முதல் 0.25 மி.மீ. க்குள் கொண்டுவர வேண்டும். அளவுக் கருவி இல்லாமல் வீட்டில் செய்யும் வேலை அல்ல. அப்படிச் செய்தவர்களின் கியர்பாக்ஸ் ஊளையிடும், பிறகு பல் உதிரும். முதல் வண்டி கட்டுபவர் கிட்டில் சொன்ன இடத்திலேயே, அதாவது கியர்பாக்ஸுக்குப் பின்னால், எஞ்சினை வைப்பதுதான் சரி.

கே: ஃபிரேமை நானே வெல்டிங் செய்யலாம் என்று இருக்கிறேன். எந்தக் குழாய்? தண்ணீர்க் குழாய் தடிமனாகத்தானே இருக்கிறது? (வாசகர், கோவை)

ப: தண்ணீர்க் குழாய், கேஸ் குழாய் இரண்டும் வேண்டாம். அவை அழுத்தத்தை உள்ளே தாங்கச் செய்தவை. வெளியிலிருந்து அடி விழும்போது எவ்வளவு வளையும், எங்கே கிழியும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்கக் கிட்டுகளில் ஒன்றரை அங்குல விட்டத்தில் மாண்ட்ரலில் இழுத்த டி.ஓ.எம். குழாய் போடுகிறார்கள். கோவையில் கேட்க வேண்டிய பெயர் சி.டி.எஸ்., அதாவது குளிர்நிலையில் இழுத்த தையல் இல்லாத குழாய். வாங்கும்போது கார்பன் அளவு எழுதிய டெஸ்ட் சர்டிஃபிகேட் கேளுங்கள். ஒப்பிட ஒரு அளவு: கல்லூரி மாணவர்களின் பாஹா எஸ்.ஏ.இ. போட்டி வண்டிகளில் கூண்டின் முக்கியக் குழாய்களுக்கு 25 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. சுவர்த்தடிமன், குறைந்தது 0.18 சதவீதம் கார்பன் என்பது அடிப்படை. அது சிறிய எஞ்சின் வைத்த ஒற்றை ஆள் வண்டிக்கு. இரண்டு பேர் உட்காரும், நான்கு சிலிண்டர் எஞ்சின் வண்டிக்கு அதற்கு மேலே போக வேண்டும். 38 மி.மீ. விட்டம், 3 மி.மீ. சுவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெல்டிங்கில் சொல்ல நிறைய இருக்கிறது. முதல் விஷயம், குழாயின் முனையை மீன்வாய் போல வெட்டி அடுத்த குழாயின்மேல் பொருத்தும்போது எங்கும் ஒரு மி.மீ. க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இடைவெளியை வெல்டு ராடால் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தால் அந்த இடம்தான் முதலில் விரிசல் விடும். இரண்டாவது, ஒரு மூட்டை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போகக் கூடாது. முழு ஃபிரேமையும் டேக் (சிறு பொட்டு வெல்டு) மட்டும் வைத்து நிறுத்துங்கள். கியர்பாக்ஸையும் முன் பீமையும் போல்ட்டில் மாட்டியே வைத்திருங்கள், அளவு மாறாமல் பிடிக்கும் ஜிக் அவைதான். பிறகு இடது பக்கம் ஒரு மூட்டு, வலது பக்கம் அதே மூட்டு என்று மாற்றி மாற்றி வையுங்கள். சூடு ஒரே பக்கம் சேர்ந்தால் ஃபிரேம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு மூலைக்கு மூலை நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டத்துக்கும் வித்தியாசம் 3 மி.மீ. க்குள் இருந்தால் தொடரலாம். அதைத் தாண்டினால் டேக்கை அறுத்துத் திருத்துவது இப்போது அரை மணி நேர வேலை. விட்டுவிட்டால் வண்டி ஆயுள் முழுக்க ஒரு பக்கமாக இழுக்கும்.

சிவந்த வெல்டில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தானாக ஆறட்டும்.

கூண்டின் மேல்குழாய், ஹெல்மெட் போட்டு பெல்ட் கட்டி உட்கார்ந்தவரின் தலைக்கு மேல் குறைந்தது மூன்று விரல்கடை உயரத்தில் இருக்க வேண்டும். தோள் பெல்ட் கட்டும் குறுக்குக் குழாய் தோள் மட்டத்தில் அல்லது சற்றே கீழே இருக்கட்டும். 20 டிகிரிக்கு மேல் கீழே இறங்கினால், மோதும்போது பெல்ட் முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும்.

கே: ஃபீனிக்ஸ் வெயிலில் பதினைந்து நிமிடம் ஓட்டினாலே எஞ்சின் கொதிக்கிறது. ஃபிரேம் திறந்துதானே இருக்கிறது, காற்று தாராளமாக வருகிறது என்று சுற்றியிருந்த தகரங்களைக் கழற்றிவிட்டேன். (வாசகர், ஃபீனிக்ஸ்)

ப: கழற்றியதுதான் காரணம். இந்த எஞ்சினைக் குளிர்விப்பது வண்டி ஓடும் காற்று அல்ல. மேலே உள்ள ஃபேன் உறிஞ்சி, கூட்டுக்குள் அழுத்தி, சிலிண்டர் விசிறிமடிப்புகளின் இடுக்கு வழியே கீழே தள்ளும் காற்றுதான். அந்தக் காற்றுக்குத் தகரங்கள்தான் வாய்க்கால் கரை. கரையை உடைத்தால் காற்று சுலபமான வழியில் ஓடிவிடும், சிலிண்டருக்கு மிஞ்சாது.

முக்கியமாக, சிலிண்டர்களுக்கு அடியில், இரண்டு சிலிண்டருக்கு நடுவே வளைந்து நிற்கும் சிறு தகரம். எஞ்சின் வாங்கும்போதே பல நேரம் இருக்காது. சிலிண்டரின் அடிப்பக்கத்தையும் காற்று தழுவிப் போகச் செய்வது அதுதான். குனிந்து டார்ச் அடித்துப் பாருங்கள், இரு பக்கமும் இருக்க வேண்டும். தெருவில் ஓடும் பீட்டிலில் எஞ்சின் அறையை அடைக்கும் ரப்பர் விளிம்பு மட்டும் உங்கள் வண்டிக்குத் தேவையில்லை. மற்ற எல்லாத் தகரமும் வேண்டும்.

அடுத்து ஆயில் கூலர். 1971-க்கு முந்திய ஃபேன் கூட்டில் ஆயில் கூலர் காற்றின் வழியிலேயே நின்று, 3-ஆம் சிலிண்டருக்கு வரும் காற்றை மறித்துச் சூடாக்கியும் அனுப்பும். பழைய எஞ்சின்களில் முதலில் போவது 3-ஆம் சிலிண்டர் என்பதற்கு இது ஒரு காரணம். 1971 முதல் கூலரைத் தனிக் கூண்டில் ஃபேன் கூட்டுக்கு வெளியே தள்ளினார்கள். டாக்ஹவுஸ் என்று கேட்டால் கிடைக்கும். பாலைவனத்தில் ஓட்டுபவர் அந்தக் கூட்டுக்கு மாறிவிடுவது நல்ல முதலீடு.

ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தினால் சுமார் 15 மி.மீ. உள்ளே போக வேண்டும். தளர்ந்திருந்தால் புல்லியின் இரண்டு பாதிகளுக்கு நடுவே உள்ள ஷிம்மில் ஒன்றை எடுத்து வெளிப்பக்கம் நட்டுக்கு அடியில் போடுங்கள். ஷிம் குறையக் குறையப் பெல்ட் இறுகும். பெல்ட் அறுந்தால் சார்ஜ் விளக்கு எரியும். அந்த விளக்கு எரிந்தவுடன், மேட்டின் நடுவில் இருந்தாலும், எஞ்சினை நிறுத்துங்கள். ஃபேனும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது.

இக்னிஷன் டைமிங்கும் பாருங்கள். 009 டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் 3,000 ஆர்.பி.எம். க்கு மேல் மொத்த அட்வான்ஸ் 28 முதல் 32 டிகிரி. இதைத் தாண்டினால் ஹெட் சூடேறும். டேப்பெட் (வால்வு) இடைவெளி, எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது 0.15 மி.மீ. ஆயில் வெப்பம் 82 முதல் 105 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் கவலையில்லை. 120-ஐத் தொட்டால் நிறுத்த வேண்டும்.

கே: செங்குத்தான மேடு ஏறும்போது மட்டும் ஆயில் விளக்கு மினுக்குகிறது. சமதரையில் அணைந்துவிடுகிறது. (வாசகர், தோஹா)

ப: அலட்சியம் வேண்டாம். இந்த எஞ்சினில் மொத்தமே இரண்டரை லிட்டர் ஆயில். மேடேறும்போது அது புல்லிப் பக்கம் ஒதுங்கிவிடும், நடுவில் இருக்கும் உறிஞ்சுகுழாய் காற்றை இழுக்கும். அந்தச் சில நொடியில் பேரிங்கில் ஆயில் படலம் இல்லை. அடியில் மாட்டும் கூடுதல் சம்ப்பு (ஆயில் தொட்டி) ஒன்று வாங்குங்கள், ஒன்றரை குவார்ட் அளவு போதும், அதாவது சுமார் 1.4 லிட்டர். கூடவே வரும் நீட்டிப்புக் குழாயை உறிஞ்சுகுழாயில் மாட்ட மறந்தால் சம்ப்பு போட்டும் பலனில்லை. அடியில் தரை இடைவெளி குறையும், ஆகவே ஒரு ஸ்கிட் பிளேட்டும் வேண்டும்.

இன்னொரு ஓட்டையும் அதே பக்கத்தில் இருக்கிறது. கிராங்க் புல்லி வெளியே வரும் இடத்தில் ஃபோக்ஸ்வேகன் ரப்பர் சீல் வைக்கவில்லை. புல்லியின் கழுத்தில் திருகு வெட்டி, சுற்றும்போது ஆயிலை உள்ளே தள்ளும்படி செய்திருக்கிறார்கள். தெருவுக்கு அது போதும். மணலில், புல்லி கிளப்பும் பொடிமணல் அந்த இடைவெளி வழியே நேராக கிராங்க் கேஸுக்குள் போகும். சாண்ட் சீல் புல்லி என்று தனியாக விற்கிறார்கள், எஞ்சின் வெளியே இருக்கும்போதே போட்டுவிடுங்கள்.

கே: ஆறு மாதத்தில் எஞ்சின் ஆயில் குடிக்க ஆரம்பித்துவிட்டது, நீலப்புகை. புது பிஸ்டன் செட் போட்டுத்தான் கட்டினோம். (வாசகர், ஷார்ஜா)

ப: அல் பதாயர் பக்கத்துச் செம்மணலை இலேசாக எண்ண வேண்டாம். கையில் எடுத்து ஊதினால் பறக்கும் அந்தப் பொடிதான் ரிங்கைத் தின்றிருக்கிறது. கார்பரேட்டரின் வாயில் விரலை விட்டுத் துடைத்துப் பாருங்கள். விரலில் நறநறவென்று பட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஃபில்டர் நல்லதாக இருந்தும் மணல் போகும் வழிகள் மூன்று. ஃபில்டரின் அடிவிளிம்பு கார்பரேட்டரில் சரியாக உட்காராதது: விளிம்பில் மெலிதாக கிரீஸ் தடவி மாட்டுங்கள், அடுத்த முறை கழற்றும்போது கிரீஸுக்கு உள்பக்கம் மணல் கோடு தெரிந்தால் அங்கே ஒழுகுகிறது. இரண்டாவது, கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே உள்ள கேஸ்கட், மேனிஃபோல்டு முனை ரப்பர்கள்: எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அங்கே கார்பரேட்டர் கிளீனரை மெதுவாகத் தெளித்தால், ஓட்டை இருக்கும் இடத்தில் எஞ்சின் சத்தம் மாறும் (எஞ்சின் ஆறியிருக்கட்டும், சைலன்சர் பக்கம் தெளிக்க வேண்டாம்). மூன்றாவதை யாரும் பார்ப்பதில்லை, அது கிராங்க் கேஸ் மூச்சுக்குழாய். பாட்டில் மூடி போலத் திறந்து விட்டிருப்பார்கள். அதற்கும் தனி ஃபில்டர் வேண்டும்.

ஃபோம் ஃபில்டரை ஃபில்டர் ஆயிலில் நனைத்துப் பிழிந்து, மேலே மெல்லிய துணி உறை போட்டு ஓட்டுங்கள். உறையை ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் தட்டுங்கள். ஃபில்டரை சீட்டு உயரத்துக்கு மேலே, பின் டயர் வீசும் மணல் படாத இடத்துக்குக் கொண்டுபோனால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

கே: ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகிறது. முன் டயரை அகலமாக மாற்றலாமா? (வாசகர், அல் அய்ன்)

ப: அகலமாக்கினால் இன்னும் மோசமாகும். உங்கள் வண்டியின் எடையில் பெரும்பகுதி பின்னால் இருக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முன்பக்கம் இன்னும் இலேசாகிறது. அகல டயர் மணல்மேல் மிதந்து சறுக்கும். ஒல்லியான, நடுவில் ஒற்றை வரப்பு ஓடும் ரிப் டயர்தான் மணலைக் கீறிப் பிடிக்கும்.

அதற்கும் மேல் இந்த வகை வண்டிக்கென்றே உள்ள கருவி கட்டிங் பிரேக். சீட்டுக்குப் பக்கத்தில் இரட்டை லீவர். இடது லீவரை இழுத்தால் இடது பின்சக்கரம் மட்டும் பிடிக்கும், டிஃபரன்ஷியல் சக்தியை வலது சக்கரத்துக்கு அனுப்பும், வண்டி இடப்பக்கம் சுழலும். சாண்ட் ரெயிலை முன் சக்கரத்தால் பாதியும் இந்த லீவரால் பாதியுமாகத்தான் திருப்புகிறார்கள். டிஃபரன்ஷியலை வெல்டு வைத்துப் பூட்டியிருந்தால் லீவர் எதுவும் செய்யாது, பூட்டாதீர்கள்.

முன் பீமின் உள்ளே இருக்கும் டார்ஷன் தகடுகளும் உங்களுக்கு எதிராக வேலை செய்கின்றன. அவை சுமார் 800 கிலோ பீட்டிலுக்கு வைத்தவை. உங்கள் வண்டி 400 முதல் 550 கிலோ இருக்கலாம், அதிலும் முன்னால் கொஞ்சம்தான். சஸ்பென்ஷன் அசையாமல் டயர் துள்ளுகிறது. ஒரு குழாயில் சில தகடுகளின் வேலையை நீக்க வேண்டும். ஆனால் முழுதாக உருவிவிட்டால், மிச்சத் தகடுகளைப் பிடிக்கும் திருகுக்குப் பிடிமானம் இருக்காது. எடுக்கும் தகட்டை வெட்டி, நடுவிலும் இரு முனையிலும் மட்டும் சிறு துண்டுகளாக வைத்து அடுக்கைச் சதுரமாகவே வைத்திருங்கள்.

டை ராடு, வண்டி மணலில் ஆள் ஏறி நிற்கும்போது, ஏறக்குறைய கிடைமட்டமாக இருக்க வேண்டும். சாய்ந்திருந்தால் ஒவ்வொரு குழியிலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

கே: துடுப்பு டயரில் எந்தப் பக்கம் முன்னால்? எவ்வளவு காற்று? (வாசகர், தோஹா)

ப: தரையில் படும் இடத்தில் துடுப்பின் குழிந்த பக்கம் வண்டியின் பின்னால் பார்க்க வேண்டும். டயரின் உச்சியில் பார்த்தால் குழி முன்னோக்கி இருக்கும். மாற்றி மாட்டினால் மணலை அள்ளித் தள்ளாமல் வழுக்கும். 1600 எஞ்சினுக்கு உயரம் குறைந்த, எண்ணிக்கை குறைந்த துடுப்பு போதும். பெரிய துடுப்பைச் சுற்ற எஞ்சினுக்குத் தெம்பு இருக்காது. பின்னால் 8 முதல் 12 பவுண்டு காற்றில் தொடங்கிப் பாருங்கள். தார் ரோட்டில் நூறு அடிகூட வேண்டாம், டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போங்கள்.

கே: பின் சஸ்பென்ஷன் தூக்கிக்கொண்டு நிற்கிறது, ஆள் உட்கார்ந்தாலும் இறங்கவில்லை. டார்ஷன் பாரை எப்படி அளந்து திருப்புவது? (வாசகர், சான் டியாகோ)

ப: முதலில் ஓர் எச்சரிக்கை. ஸ்பிரிங் பிளேட் கீழே உள்ள பீடத்தில் அழுத்தத்தோடு உட்கார்ந்திருக்கிறது. ஜாக்கியில் தாங்கிப் பிடித்து, சங்கிலி சுற்றி, பிறகுதான் மூடியின் போல்ட்டைக் கழற்ற வேண்டும். தெறித்தால் கால் எலும்பு போய்விடும்.

டார்ஷன் பாரின் உள்முனையில் 40 ஸ்பிளைன் பல், வெளிமுனையில் 44. உள்முனையில் ஒரு பல் நகர்த்தினால் 9 டிகிரி, வெளிமுனையில் ஒரு பல் 8.18 டிகிரி. ஒன்றை ஒரு திசையிலும் மற்றதை எதிர்த்திசையிலும் ஒவ்வொரு பல் நகர்த்தினால் மிஞ்சும் வித்தியாசம் 0.82 டிகிரி. உங்களுக்குக் கிடைக்கும் மிகச் சிறிய படி இதுதான். கை நீளம் சுமார் 40 செ.மீ. என்று கொண்டால் சக்கரத்தில் அது 6 மி.மீ. உயரம். வெளிமுனையில் மட்டும் ஒரு பல் மாற்றினால் 57 மி.மீ. அளவுக்கு மாறிவிடும். ஆகவே எவ்வளவு இறக்க வேண்டும் என்று அளந்து, கணக்குப் போட்டு, எந்த முனையில் எத்தனை பல் என்று தாளில் எழுதிக்கொண்டு கை வையுங்கள். கழற்றுமுன் இப்போதைய கோணத்தை ஆங்கிள் மீட்டரில் பார்த்து, ஃபிரேம் சாய்வையும் கழித்துக் குறித்துக்கொள்வது மிக அவசியம். உருவிய பிறகு பழைய நிலை எது என்று சொல்ல எந்த அடையாளமும் இருக்காது.

இடது பாரை வலதில் போடாதீர்கள். முனையில் அடையாளம் பொறித்திருக்கும். ஒவ்வொன்றும் ஒரே திசையில் முறுக்கேறப் பழக்கியது, மாற்றினால் உடையும். பாரின் மேல் பெயின்ட்டில் கீறல் இருந்தாலும் தொட்டுப் பூசுங்கள், துரு பிடித்த கீறலில்தான் விரிசல் தொடங்கும்.

உயரம் வைத்த பிறகு, சக்கரத்தை முழுதாகத் தொங்கவிட்டு ஆக்சிலைக் கையால் சுற்றிப் பாருங்கள். சிவி ஜாயிண்ட் எங்காவது இறுகிப் பிடித்தால், பிடிக்காத உயரத்தில் லிமிட் ஸ்டிராப்.

கே: பின் ஆக்சில் நட்டு எவ்வளவு டைட்? கிளம்பும்போது 'டக்' என்று ஒரு சத்தம். (வாசகர், இர்வின்)

ப: 217 அடி-பவுண்டு. சாதாரண டார்க் ரெஞ்ச் அவ்வளவு எட்டாது. நட்டிலிருந்து 43 செ.மீ. தள்ளி, கிடைமட்டமாக நிற்கும் குழாயில் 70 கிலோ ஆள் முழு எடையையும் வைத்தால் ஏறக்குறைய அந்த அளவு. ஸ்பிளிட் பின் ஓட்டை சேரவில்லையென்றால் இன்னும் இறுக்குங்கள், ஒருபோதும் தளர்த்தாதீர்கள். 'டக்' சத்தம் டிரம்மின் ஸ்பிளைன் தேய்ந்ததன் அடையாளம். நட்டை இறுக்கியும் சத்தம் நிற்காவிட்டால் புது டிரம்.

கே: பெட்ரோல் லைனில் ஃபில்டரை எங்கே வைப்பது? (வாசகர், ஃபீனிக்ஸ்)

ப: டேங்குக்குப் பக்கத்தில். எஞ்சின் மேல், கார்பரேட்டருக்கு ஒரு சாண் முன்னால் தொங்கவிடும் வழக்கம் பல வண்டிகளை எரித்திருக்கிறது. கார்பரேட்டரில் பெட்ரோல் நுழையும் பித்தளைக் குழாய் வெறுமனே அழுத்திச் செருகியது. ஃபில்டரின் எடை ஆடி ஆடி அதைப் பிடுங்கிவிட்டால், பெட்ரோல் நேராக டிஸ்ட்ரிபியூட்டர் மேல் கொட்டும். அந்தக் குழாயைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் கழற்றி மறுபடி இறுக்கமாகச் செருக வேண்டும். இந்த எஞ்சினின் கேஸ் மக்னீசியம் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக்கூடாது, தீ பெரிதாகும். பெட்ரோல் தீயாக இருக்கும் முதல் சில நொடியில் அணைக்க, பெல்ட் கட்டியபடியே கை எட்டும் இடத்தில் தீயணைப்பான் வேண்டும்.

கே: இங்கே பீட்டில் எங்கே கிடைக்கும்? மாருதி 800 வைத்துக் கட்டலாமா? தேரிக்காட்டில் ஓட்டலாமா? (வாசகர், திருச்செந்தூர்)

ப: மாருதி 800 நல்ல தேர்வு. குறுக்காக நிற்கும் எஞ்சின், கியர்பாக்ஸ், ஸ்டிரட் எல்லாவற்றையும் சேர்த்துப் பின்னால் கொண்டுபோங்கள். நின்ற திசையிலேயே நிறுத்தினால் ரிவர்ஸ் பிரச்சினை வராது. இரண்டு வேலை கூடுதல். ஸ்டியரிங்குக்குப் போன டை ராடுகளை, அதே நீளத்தில், ஃபிரேமில் வைத்த பட்டையில் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் பின்சக்கரம் தானாகத் திரும்பும். கியர் லிங்கேஜ் ஓட்டுநர் பின்னால் இருப்பதாக நினைத்துச் செய்தது, இப்போது அவர் முன்னால். அதைத் திருப்பிக் கொண்டுவர கேபிள் மாற்றம் வேண்டும். கியர் போடும் திசை தலைகீழாகாதபடி, வெல்டு வைக்குமுன் முதல் கியரைப் போட்டுப் பாருங்கள். ரேடியேட்டரை மணல் அடிக்காத உயரத்தில் வைத்து, மின்விசிறியை நேரடி சுவிட்சில் இணையுங்கள்.

தேரியில் ஓட்டாதீர்கள். குதிரைமொழித் தேரி காப்புக்காடு. கடற்கரையும் கூடாது, ஜனவரி முதல் ஆமைகள் முட்டையிடும் மணல் அது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 39-ஆம் பிரிவின்படி பதிவில்லாத வண்டி பொது இடத்துக்கு வர முடியாது. வேலி போட்ட சொந்த நிலம், அல்லது உரிமையாளர் எழுதித் தந்த அனுமதி உள்ள நிலம் மட்டுமே.

கே: கிளாமிஸ் மணல்மேட்டுக்கு முதல்முறையாக எடுத்துப்போகிறோம். என்ன பார்க்க வேண்டும்? (வாசகர், சான் டியாகோ)

ப: கொடிக்கம்பம் இல்லாமல் விடமாட்டார்கள். தரையிலிருந்து குறைந்தது 8 அடி உயரத்தில், 6-க்கு 12 அங்குலக் கொடி. மேட்டுக்கு மறுபக்கம் வருபவருக்கு உங்கள் வண்டி தெரியுமுன் தெரிவது அதுதான். முதல் அரை மணி நேரம் சமதரையில் மட்டும் ஓட்டி, எஞ்சினை முழுக்க ஆறவிட்டு, டேப்பெட்டை மறுபடி 0.15-க்கு வையுங்கள். புது எஞ்சினில் இடைவெளி கட்டாயம் மாறியிருக்கும். ஆக்சில் நட்டு, வீல் போல்ட்டு, பீம் போல்ட்டு, சிவி ஜாயிண்ட் போல்ட்டு எல்லாவற்றிலும் பெயின்ட் மார்க்கரில் கோடு இழுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் கோடு நேராக இருக்கிறதா என்று சுற்றிவந்து பார்க்க இரண்டு நிமிடம் போதும். ஒரு ஃபேன் பெல்ட்டும் அதற்குரிய ஸ்பானரும் சீட்டுக்கு அடியில் இருக்கட்டும். மேட்டில் நிறுத்தும்போது எப்போதும் முகப்பு இறக்கம் பார்த்து நிறுத்துங்கள். மறுபடி கிளப்ப, துடுப்பு டயர் குழி தோண்ட வேண்டியிருக்காது.